குறை எல்லாம் றோசலினுக்கு

வெள்ளவத்தையில் நான் இருக்கிற மேல்மாடி அறைக்கு நேர் கீழே ஒரு ஒழுங்கை, ஒடுக்கமான சந்து. அந்த ஒழுங்கையில்தான் பக்கத்து டிரைவிங் ஸ்கூல்காரர் கார் திருப்பப் பழக்குகிறார்கள். விடிந்தால் போதும், கச்சேரி தொடங்கிவிடும். "கண்ணை எங்கை வைச்சிருக்கிறீங்கள்? அது கிளச், அது கிளச்!" என்று குணம் என்கிற அந்தப் பழக்குநர் தம்பி தொண்டை கிழியக் கத்துவான். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற பெண்பிள்ளை மூக்கை உறிஞ்சுவது எனக்கு மேலே கேட்கும். கார் போய் மதிலில் முட்டும். பிறகு மதில்காரர் வந்து கத்துவார். பென்சன் எடுத்த மனிதன் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கிறதாவது!

போன கிழமை பொறுக்கமுடியாமல் ஜன்னலால் எட்டி, "தம்பி, பிள்ளையை ஏசாதை. ஏசத்தான் வேணுமெண்டால் காரை ஏசு" என்றேன். குணம் அண்ணாந்து பார்த்தான். கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பான், பாவம். ஆனாலும் பின்னேரம் படியேறி வந்து, அங்கிளும் அந்தக் காலத்தில் கார் பழக்கினவராமே, காரை ஏசுகிறது என்றால் என்ன கதை என்று கேட்டான். நான் தொடங்கினேன். நான் தொடங்கினால் தெரியும்தானே. அடுத்த ஆளைப் பழக்க நேரமாகிவிட்டது என்று எழும்பி, மிச்சத்தை எழுதித் தாருங்கள் அங்கிள் என்று சொல்லித் தப்பிவிட்டான். அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம், காசா பணமா.

வெள்ளைக்காரன் காலம். பெரிய யுத்தம் இன்னும் வந்துசேரவில்லை. என் பெயர் சவிரிமுத்து, பிறந்தது கொட்டாஞ்சேனை. அப்பா துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலை. என்னையும் அங்கே தள்ளத்தான் பார்த்தார். எனக்கோ மோட்டார் பைத்தியம். ஒருமாதிரி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு, கோயில் வீதிக்குப் பின்னால் கபிரியேல் மாஸ்டர் நடத்திய மோட்டார்ப் பள்ளிக்கூடத்தில் போய் நின்றேன். வாசலில் பலகை தொங்கியது: "மரியாதையாக மோட்டார் பழக்கப்படும்." வேகமாக என்றில்லை, மலிவாக என்றில்லை. மரியாதையாக.

பள்ளிக்கூடத்துக்கு ஒரேயொரு கார். அதன் பெயர் றோசலின். ஒரு காலத்தில் பச்சையாக இருந்ததாகச் சொல்வார்கள். முன்னாலே ஹாண்டில் போட்டுச் சுற்றினால்தான் எழும்புவாள், அதுவும் மனமிருந்தால். ஹோர்ன் ரப்பர்ப் பந்து. அமத்தினால் ஆடு கத்துகிற சத்தம் வரும்.

கபிரியேல் மாஸ்டர் கழுத்துவரை பித்தான் போட்ட வெள்ளை டிரில் கோட்டும் சோலாத் தொப்பியுமாக, கல்யாண மாப்பிள்ளைபோல் இருப்பார். முந்தி ஒரு தேயிலைக் கம்பனித் துரைக்குச் சாரதியாக இருந்தவர். அந்தத் துரை பின்சீற்றில் இருந்தபடி கைத்தடியால் மாஸ்டரின் தோளில் தட்டித் தட்டி, வழி நெடுக ஏசிக்கொண்டே வருவானாம். "அவனிட்டை நான் கார் ஓட்டப் பழகேல்லை சவிரி, கழுத்தைக் குனியத்தான் பழகினன்" என்பார். அங்கிருந்து விலகிப் பள்ளிக்கூடம் தொடங்கியபோது ஒரு சட்டம் போட்டார். பழக வருகிற ஆளிடம் எந்தக் குறையும் சொல்லக்கூடாது. நடக்கிற எல்லாவற்றுக்கும் றோசலின்தான் காரணம்.

சேர்ந்த புதிதில் எனக்கு ஸ்டியரிங் தரப்படவில்லை, வாய்தான் பழக்கப்பட்டது. மாஸ்டர் பழகவந்த ஆள்மாதிரி வலப்பக்கம் இருப்பார், நான் இடப்பக்கம். அவர் வேண்டுமென்றே போய்க் குப்பைத் தொட்டியில் முட்டுவார். முதல்நாள் நான், "மாஸ்டர், கொஞ்சம் வலப்பக்கமாப் பிடிச்சிருக்கலாம்" என்றேன். அவர் இறங்கிச் சுற்றிவந்து என் கதவைத் திறந்து, வீட்டை போ என்றார். அடுத்தநாள், "பரவாயில்லை மாஸ்டர், எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன். அதுவும் ஏச்சுத்தானாம். பரவாயில்லை என்றால் ஏதோ நடந்துவிட்டது என்றுதானே அர்த்தம், வீட்டை போ. அதற்கடுத்தநாள் வாயே திறக்கவில்லை. பேசாமல் இருந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய ஏச்சு என்றார். நான் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது.

கடைசியில் ஒருநாள், முட்டின சத்தம் அடங்கும்வரை பார்த்திருந்து, "றோசலினுக்கு இந்தத் தொட்டியிலை எப்பவும் ஒரு கண், மாஸ்டர். அடுத்தமுறை அவளை மெல்ல அங்காலை கூட்டிக்கொண்டு போவமா?" என்றேன். மாஸ்டரின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். அன்றைக்குத் தேத்தண்ணியும் வடையும் அவர் கணக்கு.

முறை இதுதான். கார் முழுக்க நின்று, ஆள் மூச்சு விடும்வரை வாயைத் திறக்கக்கூடாது. பிறகு றோசலினைக் குற்றம் சொல்லவேண்டும், ஆனால் வெறுமனே ஏசக்கூடாது. எங்கே என்ன நடந்தது என்பது ஏச்சுக்குள்ளேயே இருக்கவேண்டும். பிறகு, றோசலினுக்கு உதவி செய்யும்படி ஆளைக் கேட்கவேண்டும். அவள் கியருக்கு அழுகிறாள், கிளச்சை இன்னும் ஆழமாக அமத்தி அவளைத் தேற்றுவமா ஐயா, என்கிறமாதிரி. இதில் யாருக்கும் வெட்கம் இல்லை. ஐயா பெரியமனிதனாகவே இருப்பார், கிளச்சும் அமரும்.

ஆபத்து வந்தால்? இந்தக் காலத்துப் பள்ளிக்கூடக் கார்களில் பழக்குநர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. எங்களுக்கு இருந்தது நடுவிலே ஒரு ஹாண்ட்பிரேக் மட்டும். அதை ஆள் காணும்படி இழுத்தால் ஆளின் முகம் சுண்டிப்போகும். ஆகவே மாஸ்டர் ஒரு வித்தை வைத்திருந்தார். கையில் எப்போதும் ஒரு லேஞ்சி, கைக்குட்டைதான். தலைக்குமேல் வெள்ளம் போகிறது என்று கண்டால் லேஞ்சியைக் கீழே நழுவவிடவேண்டும். "மன்னிக்கவேணும் ஐயா" என்று குனிந்து, அதை எடுக்கிறமாதிரி ஹாண்ட்பிரேக்கை இழுத்துவிடவேண்டும். கார் நிற்கும். நிமிர்ந்து, "பாத்தீங்களா, றோசலின் என்ரை லேஞ்சிக்காக நிண்டிட்டாள்" என்று சொல்லவேண்டும். சனம் நெருக்குகிற புறக்கோட்டைப் பக்கம் பழக்கப்போனால் அன்றைக்கு என் லேஞ்சி கீழேயே கிடக்கும்.

இதில் வந்த வில்லங்கம் என்னவென்றால், சில பேர் நாங்கள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்கள். புதுக்கடை நீதிமன்றத்தில் பெயர்போன ஒரு புரொக்டர் ஐயா. றோசலின் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் இறங்கியதும் அவரும் இறங்கி, கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அவளைக் குறுக்கு விசாரணை செய்வார். போன செவ்வாய்க்கிழமையும் இதே கானுக்குள் இறங்கினாயா இல்லையா, ஆமா இல்லையா என்று மட்டும் சொல். சனம் கூடிவிடும். நான்தான் சாட்சி.

ஒரு சாமான்கடை ஹாஜியார் இன்னொரு படி மேலே போய்விட்டார். "மகன், இந்தக் கார்ல என்னமோ ஈக்கிது" என்று ஒரு தாயத்து கொண்டுவந்து ஸ்டியரிங்கில் கட்டினார். அதைக் கண்ட சிங்கள முதலாளி ஒருவர் புத்த பிக்கு ஓதிக் கொடுத்த பிரித் நூல் கொண்டுவந்து கண்ணாடியில் சுற்றினார். செட்டியார் தெரு நகைக்கடைக்காரர் திருஷ்டிக்குத் தேசிக்காய் கட்டித் தொங்கவிட்டார். பங்குச் சாமியாரிடம் மந்திரித்த பதக்கம் ஏற்கனவே இருந்தது. கொழும்பில் எல்லாச் சமயமும் ஒற்றுமையாக நின்று காவல்காத்த ஒரே இடம் றோசலினின் முன்பக்கம்தான். அப்படியிருந்தும் அவள் கானுக்குள் இறங்கினாள்.

இவர்கள் எல்லாம் லேசான ஆட்கள். கஷ்டமான ஆள் ஒருத்தி வந்தாள். இல்லை, வந்தா. மரியாதையாகச் சொல்லவேண்டும், மேலே இருந்து கேட்டுக்கொண்டிருப்பா.

பிலோமினா மிஸி. எங்கள் கொட்டாஞ்சேனைக்காரி, ஒரு தர்மப் பிரசவ விடுதியில் மருத்துவிச்சி. கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி ஒழுங்கைகளில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்குமேல் மிஸியின் கைக்குள்தான் வந்து விழுந்தது. குரல் கோயில் மணி. வீட்டில் பிரசவம் பார்க்கப் போனால், மிஸி தாய்மாரை ஏசுகிற ஏச்சு மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். "பெத்துக்கொள்ளத் தெரியும், முக்கத் தெரியாதோ!" என்கிற வகை.

விடுதிக்கு ஒரு புண்ணியவான் கார் ஒன்று கொடுத்திருந்தார், சாரதி வைக்க வழியில்லை. மருத்துவிச்சியே காரை ஓட்டிக்கொண்டு வீடுவீடாகப் போகவேண்டும் என்று டாக்டரம்மா ஒரு வேலையை உண்டாக்கினா. மிஸிக்கு மாதக் கடைசிவரை தவணை. அதற்குள் லைசென்ஸ் எடுக்காவிட்டால், கார் ஓட்டத் தெரிந்த ஒரு நேர்ஸை வேறெங்கிருந்தோ கொண்டுவந்துவிடுவார்கள்.

முதல்நாள் மிஸி ஏறினா, கிளச்சில் இருந்து காலை எடுத்தா. றோசலின் தவளைமாதிரிப் பாய்ந்தாள். பாய்ந்தவள் நிற்கவில்லை. மிஸியின் அகராதியில் பிரேக் என்ற சொல்லே கிடையாது. மாட்டுவண்டி, ட்ராம், சைக்கிள், பாதிரியார் எல்லாரும் தனக்கு விலகவேண்டும் என்பது மிஸியின் கருத்து. என் லேஞ்சி விழுந்தது, விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு கோழிக்கூட்டுக்கு முன்னால் நின்றோம். வழக்கம்போல, றோசலினுக்கு இன்றைக்கு அவசரம் மிஸி, என்று ஆரம்பித்தேன்.

மிஸி என் பக்கம் திரும்பினா. "தம்பி, இரும்புக்கு என்ன அவசரம்? என்ரை பிழை என்னெண்டு சொல்லு."

உங்களில் ஒரு பிழையும் இல்லை மிஸி என்றேன். மிஸி பார்த்த பார்வையில் நான் ஒரு பிள்ளையையே பெற்று முடித்திருப்பேன். பிறகு மிஸி ஸ்டியரிங்கைப் பார்த்தபடி ஒரு விஷயம் சொன்னா. போன மாரியில் ஜிந்துப்பிட்டியில் இருந்து பிரசவத்துக்குக் கூப்பிட ஆள் வந்ததாம். மழை, வெள்ளம். றிக்ஷாக்காரன் பாவம், இழுத்து இழுத்துப் பார்த்தானாம். "நான் போய்ச் சேரேக்கை பிள்ளை இருந்திச்சு, தாய் இல்லை" என்றா. குரல் இறங்கிவிட்டது. "அதாலைதான் தம்பி. எனக்கு மரியாதை வேண்டாம். கெதியா, இந்த மாரிக்கு முதல் பழகவேணும்."

நான் கலங்கிப்போனேன். ஓடிப்போய் மாஸ்டரிடம் சொன்னேன். இந்த ஒரு ஆளிடம் மட்டும் சட்டத்தைத் தளர்த்துங்கள், அவவே ஏச்சுக் கேட்கிறா என்று மன்றாடினேன். மாஸ்டர் தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, திரும்பப் போட்டார். யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார்.

"ஏசினால் அவ உன்ரை முகத்தைப் பாத்துத்தான் ஓட்டுவா, சவிரி. றோட்டைப் பாக்கமாட்டா. உண்மை முழுக்கச் சொல்லு. ஒண்டும் ஒளிக்காதை. ஆனால் றோசலினுக்குச் சொல்லு."

அடுத்தநாள் மாஸ்டரும் பேப்பரோடு பின்சீற்றில் ஏறிக்கொண்டார். மிஸி பாய்ந்து, பறந்து, ஒரு சந்தியில் கறகற என்று நின்றதும் நான் இறங்கினேன். முன்னால் போய் நின்று றோசலினைப் பிடித்தேன் பாருங்கள்! "உனக்கு நிக்கத் தெரியாது றோசலின். கிளச்சிலையிருந்து காலைச் சுடுதண்ணி பட்டமாதிரி எடுக்கிறாய். மாடு விலகும் எண்டு நினைக்கிறாய், மாடு விலகாது. மெதுவாப் போகத் தெரியாதவளுக்கு லைசென்ஸ் ஒருத்தரும் தரமாட்டினம்." மனதில் இருந்ததெல்லாம் வந்துவிட்டது. சுற்றிநின்ற சனம் எனக்காகப் பரிதாபப்பட்டது.

 மிஸி ஸ்டியரிங்கைத் தட்டி, "கேட்டியோடி? இனி என்ன செய்யப்போறாய்?" என்றா. பின்சீற்றில் பேப்பர் குலுங்கியது.

மெதுவாகப் போவதுதான் ஓட்டத்திலே கஷ்டம். கிளச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு, நிற்காமலும் பாயாமலும் ஊர்ந்து போகவேண்டும். அதற்காகத் துறைமுக வீதியில் மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் மிஸியைக் கூட்டிக்கொண்டு போனேன். வண்டிக்காரருக்குச் சந்தேகம், இவர்கள் ஏன் நாள் முழுக்க எங்கள் பின்னால் வருகிறார்கள் என்று. மிஸியோ பழக்கதோஷத்தில், பிரசவ அறையில் ஏசுகிறமாதிரியே றோசலினை ஏசுவா. "இன்னும்! இன்னும்! என்னடி படுத்துக்கிடக்கிறாய்!" ஏச ஏசக் கிளச்சில் இருந்து கால் நழுவும், றோசலின் குலுங்கி அணைந்துபோவாள். நான் இறங்கி ஹாண்டில் சுற்றவேண்டும். எனக்குத் தோள்மூட்டு கழன்றுபோயிற்று.

அப்படி ஒருநாள் அணைந்துபோனபோது பேப்பருக்குப் பின்னாலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது.

"மிஸி, ஏசிறது சவிரியின்ரை வேலை. நீங்கள் அவளுக்குப் பக்கத்திலை நிக்கிற ஆள். ரெண்டு பேரும் ஏசினால் றோசலின் யாரிட்டைப் போவாள்?"

மிஸியின் வாய் அடைத்துப்போனதை நான் கண்டது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். இறங்கி நேரே வீட்டுக்கு நடந்துவிட்டா. அவ கோபித்துக்கொண்டு போய்விட்டா, வேலை போச்சு, மாஸ்டருக்கு வயது போய்விட்டது என்றெல்லாம் நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மிஸி வந்து இறங்கியபோதே முகம் வேறுமாதிரி இருந்தது. ஜிந்துப்பிட்டியில் ஒரு சின்னப் பெட்டை, தலைப்பிரசவமாம். பயத்தில் உடம்பை இறுக்கிக்கொண்டு கிடந்ததாம். மிஸி வழக்கம்போல ஏச வாயைத் திறந்தாவாம், திறந்த இடத்தில் மாஸ்டர் சொன்னது நினைவுக்கு வந்ததாம். ஆகவே பெட்டையை விட்டுவிட்டு, வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளையைப் பிடித்து ஏசினாவாம். "எட உள்ளை இருந்து என்னடா செய்யிறாய்? கொம்மா எவ்வளவு கெட்டிக்காரி, நீ சோம்பேறி. வாடா வெளியிலை." அந்த நோவிலும் பெட்டை சிரித்துவிட்டதாம். சிரித்ததில் உடம்பு இளகி, பிள்ளை வெட்கப்பட்டதுபோல் வந்துவிட்டது என்று சொல்லி, மிஸியும் சிரித்தா. அன்றைக்கு றோசலின் ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால் கொட்டாஞ்சேனை முழுக்க ஊர்ந்தாள். ஒருமுறைகூட அணையவில்லை.

லைசென்ஸ் சோதனை மாதக் கடைசியில் வந்தது. பார்த்தால் அன்றைக்குத்தான் வேல் விழா, செட்டியார் தெருவில் இருந்து வெள்ளித் தேர் புறப்படுகிற நாள். கொழும்பில் பிறந்த எந்த மனிதனும் அன்றைக்குக் காலி வீதிப் பக்கம் காரோடு போகமாட்டான். ஆனால் சோதனை எடுக்கிற எக்ஸாமினர் கப்பலில் இருந்து இறங்கிக் கொஞ்சநாள்தான். உயரமான ஒல்லித் துரை, சிவந்த மீசை. மற்றவர் ஓட்டும்போது தன் காலடிப் பலகையைப் பிரேக் என்று நினைத்து மிதித்துக்கொண்டே வருவார். அதனால் எங்களுக்குள் அவருக்குப் பெயர் பிரேக் துரை. வேறு நாள் தரும்படி கேட்டுப்பார்த்தோம். முடியாது என்றுவிட்டார்.

துரை முன்னால், நான் பின்னால். மிஸி காலிமுகத்தில் அழகாக எடுத்தா, கடற்கரைப் பக்கமாக அழகாகப் போனா. ஒரு ஒழுங்கையின் முடிவில் துரை, காலி வீதிக்கு ஏறி வலப்பக்கம் திரும்பு என்றார். மிஸி இங்கிலீசில், சேர், அந்த வீதியில் இன்றைக்கு, என்று தொடங்கினா. சொன்னதைச் செய், வலப்பக்கம், என்று துரை கத்தினார். மிஸி கையை வெளியே நீட்டித் திரும்பினா.

திரும்பினோம், தேருக்குப் பின்னாலே போய்ச் சேர்ந்தோம். முன்னால் வெள்ளித் தேரும் வெள்ளை மாடுகளும். பின்னால் பார்த்தேன், சனம் கடல்மாதிரி மூடிவிட்டது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. அரோகரா!

மாடுகள் நாலடி வைக்கும், நிற்கும். தேங்காய் உடைப்பார்கள், கற்பூரம் காட்டுவார்கள். திரும்ப நாலடி. மிஸி கிளச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு ஊர்ந்தா. சட்டப்படி ஒவ்வொருமுறை நிற்கும்போதும் கையை வெளியே நீட்டி விரித்துக் காட்டவேண்டும். மிஸியும் காட்டினா. விழாவில் ஒரு மனிதர் கையை விரித்துக் காட்டினால் சனம் என்ன செய்யும்? பிரசாதம் வைக்கும். முதலில் ஒரு வாழைப்பழம். மிஸி கண்ணை வீதியில் இருந்து எடுக்காமல் அதைத் துரையின் மடியில் வைத்தா. அடுத்த நிறுத்தத்தில் கற்கண்டு. பிறகு கரும்புத் துண்டு, தேங்காய்ப்பாதி, இன்னுமொரு சீப்பு வாழைப்பழம். துரையின் மடி சந்தைக்கடைபோல் ஆகிவிட்டது. ஒரு கிழவர் எட்டி, ஜன்னலுக்குள்ளால் துரையின் நெற்றியில் திருநீற்றை இழுத்துவிட்டார். உடைத்த தேங்காய்த் தண்ணீர் மீசையில் தெறித்தது. துரையின் கால்மட்டும் பலகையை மிதித்துக்கொண்டே இருந்தது.

பம்பலப்பிட்டி அண்டியதும் றோசலினுக்குக் கொதித்துவிட்டது, மூக்கால் புகை. நான் இறங்கித் தண்ணீர்ப் பந்தலுக்கு ஓடினேன். அவர்கள் ஊற்றித் தந்தது சர்க்கரைத் தண்ணீர். அதையே அவளுக்கு வார்த்தேன், குடித்துக்கொண்டு போனாள்.

துரையின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். நெற்றியில் திருநீறு, கீழே ஒரே சிவப்பு. இந்தக் கூத்து யாரால் வந்தது என்று அவருக்கு விளங்கிவிட்டது. பிழை தன்னுடையது என்று தெரிந்த பெரிய மனிதனைப்போல் ஆபத்தான பிராணி கிடையாது. அவமானத்தை இறக்கிவைக்க இடம் தேடுவான். மிஸிதான் பக்கத்தில் இருந்தா. வாயைத் திறக்கப்போகிறார், ஃபெயில் என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கையில் லேஞ்சி இருந்தது. பின்சீற்றில் இருந்து அதை எங்கே போடுவது?

அப்போது மிஸி ஸ்டியரிங்கை மெல்லத் தட்டி, துரைக்கும் விளங்கும்படி நல்ல இங்கிலீசில், ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்துக் குரலில் சொன்னா:

"றோசலின், உனக்குத் திருவிழா பாக்க ஆசையெண்டால் தனிய வந்திருக்கலாமே. துரையை ஏனடி இழுத்துக்கொண்டு வந்தனி?"

 துரை மிஸியைப் பார்த்தார், முன்னால் தொங்கின தேசிக்காயையும் தாயத்தையும் பார்த்தார், மடியில் இருந்த வாழைப்பழத்தைப் பார்த்தார். மீசையின் ஒரு நுனி ஆடியது. அவரை ஏசிப் பழக்கியவர்கள் எத்தனை பேரோ, யார் கண்டார். கப்பலில் ஏறி இவ்வளவு தூரம் வந்தும் அந்தக் கால் பலகையை மிதிக்கிறதை விடவில்லையே. பிறகு துரை ஒரு பழத்தை உரித்தார். சாப்பிட்டார். பலகையை மிதிப்பதை நிறுத்தினார்.

கோயிலடியில் சனம் விலகியதும் ஒரு ஓரமாக நிறுத்தச் சொன்னார். மிஸி கையைக் காட்டி நிறுத்தினா. கடைசியாக ஒரு கரும்புத் துண்டு வந்தது. துரை எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு இறங்கி, கோட்டைத் தட்டிவிட்டு, றோசலினின் முன்னால் போய் நின்றார். அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"இந்தக் கார் ஃபெயில். அந்த அம்மா பாஸ்."

வேலை மிஸிக்குக் கிடைத்தது. அதை நான் சொல்லத் தேவையில்லை. சொல்லவேண்டியது இதுதான்.

அந்த வருஷ மாரி பிடித்த நேரம். கொட்டாஞ்சேனை முழுக்க வெள்ளம், பள்ளிக்கூடத்தில் பழகவரும் ஆட்கள் இல்லை. நானும் மாஸ்டரும் றோசலினைத் தாழ்வாரத்துக்குள் தள்ளிவிட்டுச் சும்மா இருந்தோம். விடுதிக் கார் மழைக்குள்ளால் வந்து வாசலில் நின்றது. கையைக் காட்டி, முறையாக நின்றது. மிஸி இறங்கினா. சட்டையெல்லாம் சேறு, கையில் பை. எங்கள் இருவரையும் பார்க்கவேயில்லை. நேரே றோசலினிடம் போய், பொனற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றா.

"ஜிந்துப்பிட்டிக்குப் போட்டு இப்பதான் வாறன் றோசலின்" என்றா. "அதே ஒழுங்கைதான். அதே வெள்ளம். நான் போகேக்கை தாய் இருந்தாள். இப்பவும் இருக்கிறாள். பிள்ளையும் இருக்கு."

 கோயில் மணிபோன்ற அந்தக் குரல் உடைந்ததை நான் கேட்டேன்.  மாஸ்டரைப் பார்த்தேன். இப்படியான நேரத்துக்கு என்று அவரிடம் ஏதாவது முறை இருக்கும் என்று நினைத்தேன்.

மாஸ்டர் கோட்டுப் பையில் இருந்து லேஞ்சியை எடுத்தார். கீழே நழுவவிட்டார். "மன்னிக்கவேணும் மிஸி" என்று குனிந்தவர், அதை எடுத்துக்கொண்டு நிமிர வெகுநேரம் ஆயிற்று.